சுகர் வரவழைப்பது எப்படி? ஒரு திண்டுக்கல் செய்முறை

நம்மூரில் நோயாளி என்று யாரும் கிடையாது. எல்லாரும் ஏதாவது வைத்திருப்பவர்கள். "எனக்கு சுகர் இருக்கு", "எங்க வீட்ல தைராய்டு இருக்கு" என்று தோட்டம் துரவு இருப்பதைச் சொல்வது போலத்தான் சொல்கிறோம். தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கிறது. கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சுரப்பி இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும். கல்யாண வீட்டில் ஒருமுறை இதைச் சொல்லிப் பார்த்தேன். பிறகு யாரும் என் பக்கத்து இலையில் உட்காரவில்லை.

சுகர் அப்படிப் பிறவியிலேயே கிடைப்பதில்லை. (சிறு பிள்ளைகளுக்கு வருகிற முதல் வகை வேறு. அங்கே உடலின் காவல்படையே கணையத்தைத் தாக்கிவிடுகிறது. அதில் பிள்ளையின் தப்பும் இல்லை, பெற்றவர்களின் தப்பும் இல்லை. அவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.) பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைக்கு, பரம்பரை பாதி வேலையைச் செய்து வைத்திருந்தாலும், மீதிக்கு நாம்தான் பாடுபட வேண்டும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார்கள். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் வாசற்படியில் நிற்கிறார்கள். சீக்கிரம் துண்டு போட்டு இடம் பிடியுங்கள்.

முதலில் பூட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். 2019இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்களுக்கு இது கஷ்டமில்லை. ஹார்மோன் என்பது சாவி. ரத்தத்தில் ஊரெல்லாம் சுற்றும், ஆனால் தனக்கென்று செய்த பூட்டில் மட்டும்தான் நுழையும். கணையம் செய்கிற சாவிக்கு இன்சுலின் என்று பெயர். சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கணையம் சாவியை அனுப்பும், தசை கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே வாங்கும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். இறங்கியது தெரிந்ததும் கணையம் கையைக் கட்டிக்கொள்ளும். தொட்டி நிரம்பியதும் தானே நின்றுவிடும் மோட்டார் மாதிரிதான். இந்த ஒழுங்கைத்தான் நாம் கெடுக்க வேண்டும்.

குடைப்பாறைப்பட்டியில் பூட்டு ராவிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்: "அண்ணே, பூட்டு எப்பக் கெடும்?"

"துரு ஏறுனா இறுகும், தம்பி. அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். நம்ம ஆளுக எண்ணெய் விடமாட்டாக. பலங்கொண்ட மட்டும் சாவியத் திருகுவாக. கடைசில சாவி முறிஞ்சு உள்ள நிக்கும்."

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பற்றி இதைவிடச் சுருக்கமாக எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை. பூட்டு இறுகினால் கணையம் இரண்டு சாவி அனுப்பும், பிறகு நான்கு. வருஷக்கணக்கில் அப்படிச் சமாளித்துவிட்டு ஒருநாள் களைத்துப்போகும். ரிப்போர்ட்டில் எண் ஏறுவது அதற்கப்புறம்தான்.

ஆகவே கணையத்துக்கு ஓய்வு தராதீர்கள். ஆறு மணிக்கு ஒரு டீ, எட்டுக்கு இட்லி, பதினொன்றுக்கு வடையோடு டீ, மத்தியானம் சோறு, நாலு மணிக்கு மறுபடி டீ. ஒவ்வொன்றிலும் சர்க்கரை தூக்கலாக. பிரியாணியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். சீரகச் சம்பாவுக்கு நான் ஜாமீன் தருகிறேன். ராத்திரி பதினொன்றரைக்கு அதை ஒரு கட்டு கட்டி, மேலே ஒரு பாட்டில் கலர் குடித்து, அப்படியே படுத்துவிடுவதுதான் கலை.

தொந்தியைப் பத்திரமாக வளர்க்கவும். அது வெறும் மூட்டையல்ல, அதுவும் ஒரு சுரப்பிதான். அங்கிருந்து கிளம்பும் சரக்குதான் பூட்டில் துருவாக ஏறுகிறது.

தூக்கத்தைக் குறையுங்கள். விடிகாலையில் நம்மை எழுப்பக் கார்டிசால் ஏறும், பொழுது சாயச் சாய இறங்கும். கண் விழித்தால் இறங்க வேண்டிய நேரத்திலும் இறங்காது, பூட்டு இன்னும் இறுகும். இதைப் போன் பார்த்தே சாதிக்கலாம். வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் நைட் ஷிப்ட் பார்க்கும் பெண்ணிடம் மட்டும் இந்த நையாண்டியைச் சொல்லிவிடாதீர்கள். அவள் ஆசைப்பட்டா விழித்திருக்கிறாள்?

ஒரு முக்கிய எச்சரிக்கை: நடக்கவே கூடாது. தசை வேலை செய்யும்போது சாவி இல்லாமலே கொல்லைக் கதவு திறந்து, சர்க்கரையை அள்ளி உள்ளே போட்டுவிடும். இத்தனை நாள் பட்ட பாடு வீணாகிவிடும். காலையில் மலைக்கோட்டையைச் சுற்றும் கூட்டத்தோடு சேராதீர்கள். தை மாதம் நத்தம் வழியாக வரும் பாதயாத்திரைக்காரர்களுக்கு மோர் கொடுங்கள், போதும். பேச்சுக் கொடுத்தால் பழனி வரை அறுபது கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சித்தி அடைந்ததற்கு அடையாளம் தண்ணீர். சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே விடுகிறது. மீதியைத் தடுத்து உள்ளே அனுப்புவதில் மூளையடியிலிருந்து வரும் ஒரு ஹார்மோனுக்கும் பங்குண்டு. ஆத்தூர் டேம் வற்றிய கோடையில் ஒரு குடத்தை நாலு நாளைக்கு வைத்துக்கொள்ளும் நம்மூர்ப் பெண்களின் கைப்பக்குவம் அதற்கு. ரத்தத்தில் சர்க்கரை 180ஐத் தாண்டினால் அந்தச் சிக்கனம் எடுபடாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கி, தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ராத்திரி நாலு தடவை எழுந்து போவதும், செம்பு செம்பாகக் குடிப்பதும் அதனால்தான்.

ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் கீரையும் கேழ்வரகுமாக விரதம் இருப்பது நல்ல பழக்கம். வெறும் வயிற்று எண் பவ்யமாக நடந்துகொள்ளும். ஆனால் எச்பிஏ1சி என்றொரு கோள்மூட்டி இருக்கிறது. சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டு, மூன்று மாதக் கதையையும் டாக்டரிடம் ஒப்பித்துவிடும்.

பிறகென்ன, ராஜ மரியாதை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீடு தேடி வரும். விசேஷ வீடுகளில் தனி கவனிப்பு கிடைக்கும். போன வாரம் பந்தியில் என் பக்கத்தில் இருந்தவர் இலைமேல் கையை விரித்து மறைத்தார்.

"எனக்கு சுகர் இருக்குங்க."

"அப்படியா மாமா? எனக்கும்தான்," என்று சந்தோஷப்பட்டார் பாயச வாளிக்காரர். "அப்ப ஒரு கரண்டி மட்டும் வைக்கிறேன்."

இரண்டு வைத்தார். மாமா கையை எடுத்திருந்தார்.