இதரைப்பழத்துக்குப் பில் இல்லை, ஐயா

கொழும்பிலிருந்து எங்களுக்குக் குளிர் அனுப்பும் பேரங்காடித் தலைமைப் பெருந்தகைகளே,

சனிக்கிழமை உங்கள் யாழ்ப்பாணக் கிளையில் பற்பசை வாங்கிய கிழவன் நான். கையில் பனையோலைப் பை. அதற்குள் எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கின ஆறு இதரை வாழைப்பழம். வெளியே வரும் வாசலில் காவல் தம்பி மறித்தார்: “ஐயா, உதுக்குப் பில் இருக்கோ?”

சந்தை ஆச்சியிடம் பில் கேட்டிருந்தால் என் தலையில் சுகமில்லை என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருப்பா. இல்லை என்றேன். பழத்தை மேசையில் பரப்பி எண்ணினார்கள். நான் படிப்பித்த பிள்ளை ஒருத்தி வரிசையில் நின்று பார்த்தாள். முகாமையாளர் சாப்பிடப் போயிருந்தபடியால் பழம் மறியலில் வைக்கப்பட்டது.

விசாரணை தொடங்கிவிட்டதால், பில் இல்லாமல் நான் பெற்ற மற்றப் பொருட்களையும் ஒப்புக்கொள்கிறேன்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்து சவர்க்காரமும் பற்றரியும் ஆயுதமான காலம். எங்கள் ஒழுங்கை முகப்புக் கடை அண்ணை, படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு பார்த்து மண்ணெண்ணெய் அளந்தார். ஜாம் போத்தல் விளக்கில் என் மகள் படித்தாள். பில் இல்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள் வலிகாமமே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அண்ணை கடைப்பலகையைக் கழற்றி, போகிற வருகிற எல்லாருக்கும் அரிசியும் பிஸ்கற்றும் கொடுத்துக்கொண்டு நின்றார். எனக்கு இரண்டு கிலோ அரிசி. பில் இல்லை. அடுத்த வருடம் திரும்பி வந்து என் பழைய கடன் எவ்வளவு என்று கேட்டேன். “கொப்பி துலைஞ்சு போச்சு மாஸ்ரர்” என்றார். சாவகச்சேரியில் அந்தக் கொப்பியை அவருடைய உரப்பைக்குள் என் கண்ணால் கண்டவன் நான்.

2006 இல் ஏ9 பாதை பூட்டினபோதும் அதே கடைதான். புகையிலை விற்றபிறகு கணக்குத் தீர்க்கும் தோட்டக்காரருக்கும் அதே கொப்பிதான். அங்கே விற்ற முட்டை அடுத்த வீட்டுக் கோழியினது. அதன் காசு மாலைக்குள் தேயிலையாகி அதே மேசைக்குத் திரும்பும். உங்கள் காசு இரவுக்குள் கொழும்பு போய்விடுகிறது. நல்ல பிரயாண வசதி.

மில்க்வைற் சவர்க்கார முதலாளி கனகராசா ஊரெல்லாம் பனங்கொட்டை நட வைத்தார். பனைக்கும் பில் இல்லை. நீங்களோ அட்டையில் புள்ளி தருகிறீர்கள்.

அந்தத் தடை நாட்களில் நீங்கள் எங்கே நின்றீர்கள்? பாதை திறந்தபிறகு கண்ணாடிக் கதவோடு வந்து என்னைக் கள்ளனாக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? அண்ணையின் கடையில் இப்போது தூசிதான் சாமான். பத்து ரூபா மலிவென்று அவருடைய வாசலைத் தாண்டி உங்களிடம் வந்தவன் நான். எனக்கு வேண்டியதுதான்.

மன்னிக்கவும் பெருந்தகைகளே, உங்கள் குளிர் தலைக்கேறிவிட்டது.

பழத்தைப் பொறுப்பெடுத்ததற்கு உங்கள் கடைப் பிள்ளை ஒரு துண்டு எழுதித் தந்தாள்: “வாழைப்பழம் 6.” என் ஆயுளில் இதரைப்பழத்துக்குக் கிடைத்த முதல் பில். இத்துடன் இணைத்துள்ளேன். பழம் நல்லாய்க் கனிந்துவிட்டது. காவல் தம்பிக்குக் கொடுங்கள். அவரிடம் பில் கேட்கவேண்டாம்.

இப்படிக்கு,
பற்பசைக்கு மட்டும் பில் உள்ளவன்