ஜவ்வு கிழிந்தவர் கவனத்துக்கு

தோள் ஆபரேஷனுக்குப் போகிற அன்று காலையில், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைக் கிழித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிழித்தேன். என் ராசிக்கு நேரே ‘சுகம்’ என்று போட்டிருந்தது. அடுத்த இரண்டரை மாதத்துக்கு அந்தப் பக்கம் கை போகாது.

தோள்மூட்டைச் சுற்றி நான்கு தசைகள் பிடித்து நிற்கின்றன. மேலே இருப்பது சுப்ராஸ்பைனேட்டஸ். பெரும்பாலும் கிழிவது அதன் நாண்தான். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம். விசாரிக்கிறவர்களிடம் “ஜவ்வு கிழிஞ்சிருச்சு” என்றால் போதும், தெருவே எலும்பு டாக்டராகிவிடும்.

முதல் நாள் அமோகமாக இருக்கும். கழுத்தோரம் போட்ட மரப்பு ஊசியால், கை யாருடையதோ போல நெஞ்சின் மேல் கிடக்கும். குரல் கம்மலாம், ஒரு கண்ணிமை லேசாகத் தொங்கலாம்; மருந்து இறங்கியதும் சரியாகும். இந்த வேளையில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, “வலியே இல்ல, சும்மா பயமுறுத்துறாங்க” என்று சொல்லிவிடுங்கள். பிறகு சொல்ல முடியாது. மரப்பு பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் விடும். எனக்கு அது ராத்திரி 2 மணியாகப் பார்த்து விட்டது. அதற்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் நர்ஸம்மா. வலிதான் இல்லையே என்று தள்ளிப்போட்டிருந்தேன். நீங்களும் தள்ளிப்போடலாம். தெரு நாய்களைக் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொள்ள நல்ல வாய்ப்பு.

பெருமாள் கோயில்களில் நின்ற, இருந்த, கிடந்த என்று மூன்று திருக்கோலங்கள்தான். தோளில் தையல் போட்டவருக்கு நான்காவது ஒன்று உண்டு. இருந்ததற்கும் கிடந்ததற்கும் நடுவே, முதுகுக்கு மூன்று தலையணை, முழங்கைக்கு அடியில் ஒன்று, விலாவில் ஸ்லிங்கோடு வந்த பஞ்சுத் திண்டு. பல வாரம் இப்படியேதான் சேவை சாதிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் இஷ்டத்துக்குப் புரண்டு படுத்துக் குறட்டை விடுவதைப் பார்க்க வயிறு எரியும். வாயைத் திறக்காதீர்கள்; காலையில் உங்களுக்குச் சட்டை போட்டுவிடப் போகிறவர் அவர்.

சட்டைக்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. போடும்போது ஆபரேஷன் செய்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். திருவிழாவில் ஊர்ப் பெரியதனக்காரருக்குப் போல அதற்குத்தான் முதல் மரியாதை. பனியனை மறந்துவிடுங்கள். வேட்டியை ஒற்றைக் கையால் கட்ட முயன்று, பால்காரர் முன்னால் நான்... அதை விடுங்கள். வெல்க்ரோ வைத்த வேட்டி கிடைக்கிறது, வெட்கப்படாமல் வாங்குங்கள்.

இடது கைக்கு இது பதவி உயர்வு. இத்தனை வருடம் ஒரே ஒரு வேலைக்கென்று ஒதுக்கி வைத்த கையிடம் ஸ்பூனைக் கொடுத்து ரசம் சாதம் ஊட்டச் சொன்னால், பழி வாங்காமல் என்ன செய்யும்? கடையில் இடக்கையால் பணம் நீட்டினால் முகம் சுளிப்பார்கள். ஸ்லிங்கைச் சற்று முன்னால் தள்ளிக் காட்டுங்கள். என் வீட்டில் அந்தச் சலுகையும் இல்லை. காலண்டர் பக்கம் இடக்கையை நீட்டினேன். “நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கையால கிழிக்காதீங்க” என்று உத்தரவு வந்தது. அன்றிலிருந்து தேதி மனைவியின் வசம்.

பார்க்க வருகிறவர்கள் ஆட்டுக்கால் சூப்போடு வருவார்கள். எலும்பு முறியவில்லை என்று விளக்காதீர்கள். விளக்கினால் மறுநாள் பிரண்டைத் துவையல் வரும்.

வலியைவிட ஆபத்தானது வலி குறைவது. நாலைந்து வாரத்தில் கை ‘நான் ரெடி’ என்னும். நம்பாதீர்கள். தைத்த நாண் எலும்போடு ஒட்டிப் பிடிக்க 12 வாரம் போல ஆகும். அதுவரை எல்லாம் நூலின் தயவு. முதல் 6 வாரம் காபி டம்ளரைக்கூட அந்தக் கையால் தூக்கக் கூடாது என்பார்கள். நான் தூக்கவில்லை. ஒருமுறை பூனை தட்டிவிட்ட டம்ளரைப் பிடிக்கப் பாய்ந்தேன், அவ்வளவுதான். டாக்டரிடம் பூனையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

பிசியோதெரபி தம்பி சிரித்த முகமாக இருப்பார். “ரிலாக்ஸா விடுங்க சார்” என்று சொல்லிக்கொண்டே நீங்கள் ரிலாக்ஸாக இருக்க முடியாத உயரத்துக்குக் கையைக் கொண்டுபோவார். குனிந்து நின்று, கையைக் கிணற்று வாளி போல ஆடவிடுவது முதல் பாடம். பல வாரம் கழித்து, விரல்களைப் பல்லி மாதிரி சுவரில் ஏற்றுவது. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்வார். என் கோடுகள் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஆரம்பித்தன. ஒரு வாரம் நான்கு விரற்கடை ஏறின. அடுத்த வாரம் ஒரே கோட்டின் மேல் ஐந்து தேதி.

11ஆவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, விரல் காலண்டர் அட்டையைத் தொட்டது. மனைவியைக் கூப்பிட்டு, அவர் பார்க்க, வலக்கையால் தாளைக் கிழித்தேன். என் ராசிக்கு நேரே ‘அலைச்சல்’.