ஐந்து கட்டை ஃப்ரிட்ஜ்

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் என்னிடம் கெஞ்சியது ஒரே ஒரு தடவைதான். "கண்ணா, நீ வாயை மட்டும் அசை." அன்றிலிருந்து நான் வாயசைப்புக் கலைஞன். சபாவுக்குப் போனாலும் கேன்டீனோடு சரி.

அப்படிப்பட்டவனுக்குச் சங்கீத ஞானம் வந்தது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜால். அதற்கு வயது பதினெட்டு. ஓட்டுரிமை வந்துவிட்ட தெம்பிலோ என்னவோ, ராப்பகலாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. மகள் வீணைக்காக வைத்திருந்த ட்யூனர் ஆப்பை விளையாட்டாக அதன் வயிற்றருகே நீட்டினேன். 100 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைக்கு ஒரு நூலிழை மேலே!

நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மோட்டாரின் காந்தம் இரண்டு முறை இழுத்து விடும். ஆக, 100 அதிர்வு. அமெரிக்காவில் 60 சுற்று. அந்த ஊர் ஃப்ரிட்ஜ் 120-இல், ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவே இரண்டுங்கெட்டானாக முனகும். அங்கே போன நம்மவர்கள் டிசம்பர் பிறந்தால் சென்னைக்கு ஓடி வருவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே மோகனத்தை முணுமுணுத்தாள். சுருதிப் பெட்டி கிடையாது. ஷட்ஜத்தில் வந்து நின்றபோது ஆப்பைப் பார்த்தேன்: 200. ஃப்ரிட்ஜின் மேல் ஷட்ஜம், அந்த நூலிழை ஏற்றம் உட்பட! ஃப்ரிட்ஜ் தலையில் இருந்த முறுக்குச் சம்படத்தின் மூடி வேறு கூடவே ரீங்கரித்தது. தம்புராவில் தந்திக்கு அடியில் நூலைச் செருகி இந்த ரீங்காரத்தை வரவழைப்பார்கள். ஜீவா என்று பேர். எங்கள் வீட்டு ஜீவா சம்படத்தில் இருந்தது.

மறுநாள், ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த மெக்கானிக் வந்துவிட்டார். "கம்ப்ரஸருக்கு அடியில ரப்பர் போயிடுச்சு சார். மாத்திட்டா சத்தமே வராது."

மாற்றினார். வரவில்லை.

அன்று மாலை அம்மா பாட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். "என்னடா இது, தொண்டை பிடி கொடுக்க மாட்டேங்குது. மழைத் தண்ணியா இருக்குமோ?"

நான் ஒன்றும் சொல்லாமல் ஃப்ரிட்ஜை இரண்டு அங்குலம் தள்ளிச் சுவரோடு ஒட்டினேன். முனகல் திரும்பியது. சம்படம் சேர்ந்துகொண்டது. அம்மா விட்ட இடத்தில் பிடித்தாள். நானும் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு, டீச்சர் சொன்னபடி வாயை மட்டும் அசைத்தேன்.