எல்லை கடந்த ஆலாபனை: மதுரை ரசிகரின் நவராத்திரி வலசை குறித்த ஓர் ஆய்வு

பறவைகள் ஏன் வலசை போகின்றன என்று ஆராய்ந்தவர்கள் பலர். மதுரையின் கர்நாடக இசை ரசிகர் நவராத்திரி வந்ததும் ஏன் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புகிறார் என்பதை எவரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம் மதுரைச் சந்திப்பின் நடைமேடை, பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபம், இரண்டுக்கும் இடைப்பட்ட சுமார் 300 கிலோமீட்டர் தண்டவாளம்.

சிக்கல் இதுதான். பாட்டுக் கேட்க மதுரைக்காரர் ஊரைவிட்டுப் போகவேண்டிய அவசியமே இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த ஊர். மணி ஐயரும் சோமுவும் ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர்கள். தல்லாகுளத்தில் லட்சுமி சுந்தரம் ஹால் இருக்கிறது. நவராத்திரியில் மீனாட்சியே கொலுவிருக்க, ஆடி வீதியில் பாட்டும் நடனமும் நடக்கின்றன. டவுன் பஸ்ஸில் போய்வரலாம். இத்தனையையும் விட்டுவிட்டு ஒருவர் இட்லிப் பொட்டலத்தோடு குருவாயூர் ரயிலில் ஏறுகிறார் என்றால் அது ஆய்வுக்குரியதே.

ரசிகர்கள் தாமே கூறும் காரணம் ராகம். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் (1813–1846) நவராத்திரிக் கிருதிகள் ஒன்பது. மண்டபத்தில் நாளுக்கு ஒன்று, மாற்றமே கிடையாது. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, நான்காம் நாள் தோடி, ஐந்தாம் நாள் பைரவி. அப்படியானால் தோடிப் பித்தர்கள் நான்காம் நாள் குவிய வேண்டும். ஆனால் மதுரை முகங்கள் அதிகம் தென்படுவது எட்டாம் நாள் நாட்டக்குறிஞ்சிக்கும் ஒன்பதாம் நாள் ஆரபிக்கும்தான். வைகைத் தண்ணீருக்கும் நாட்டக்குறிஞ்சிக்கும் உறவு கற்பிக்க அவசரப்பட வேண்டாம். ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. இரண்டும் அரசு விடுமுறை. சனி ஞாயிறும் ஒட்டிக்கொண்டால் ஆரபியின் அழகு இன்னும் கூடிவிடுகிறது.

அடுத்தது முன்னுதாரணம். கச்சேரிக்காக எல்லை தாண்டுவதில் மதுரைக்காரருக்கு முந்தியவர்கள் தெய்வங்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஆண்டுதோறும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறார்கள். சரஸ்வதிக்கு யானை, முருகனுக்கும் நங்கைக்கும் பல்லக்கு. அவர்கள் முதன்முதலில் புறப்பட்ட காலத்தில் எல்லாம் ஒரே சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது; கோடு வந்து குறுக்கே விழுந்தது. தெய்வங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. களியக்காவிளையில் கேரளப் போலீஸ் அணிவகுப்பு மரியாதை செய்து வரவேற்கிறது. நம்மவருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. குழித்துறை போய்ப் பாறசாலை வரும் அந்த நேரத்தில் அவர் மேல் பெர்த்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

ஆக, காரணம் வேறெங்கோ இருக்கிறது. ரசிகரை ஊரில் வைத்துக் கவனித்தால் அது புலப்படும். உள்ளூர்க் கச்சேரிக்கு அவர் வர்ணம் முடிந்தபின் வருவார். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்துபோவார். திரும்பி வந்து பக்கத்து இருக்கைக்காரரிடம் மகள் வரனைப் பற்றிப் பேசுவார். துக்கடா சமயத்தில் செருப்பைத் தேடிக் கிளம்பிவிடுவார், கடைசி பஸ் என்பார்.

இதே மனிதர் நவராத்திரி மண்டபத்தில் வேறு ஆளாகிவிடுகிறார். வேட்டி மட்டும்தான், சட்டை கிடையாது. மாலை ஆறு மணி என்றால் ஆறு மணி. கைதட்டக் கூடாது, பாட்டு நமக்கல்ல, எதிரே கொலுவிருக்கும் சரஸ்வதிக்கு. சட்டை இல்லாததால் செல்போன் வைக்கப் பையும் இல்லை. காபி எங்கே கிடைக்கும் என்று தெரியாது. கடைசி பஸ் என்று சொன்னால் எந்த ஊர் பஸ் என்று கேட்பார்கள். வேறு வழியின்றி அவர் பாட்டைக் கேட்கிறார். கூரையிலிருந்து தலைகீழாய்த் தொங்கும் மண்பானைகளுக்கு அடியில், இரண்டரை மணி நேரம், முழுதாக. தனி ஆவர்த்தனம் இவ்வளவு நன்றாயிருக்கும் என்று அவருக்கு இதற்குமுன் தெரியாது. எல்லை தாண்டியது வித்வான் அல்லர், பாட்டும் அன்று. கேட்பவரின் காது மட்டுமே என்பது இவ்வாய்வின் முடிவு.

ஒன்றை மட்டும் இவ்வாய்வால் விளக்க முடியவில்லை. கையில் வீணையோடு அமர்ந்திருக்கும் பெண் தெய்வத்தின் முன், 2006-ல் பாறசாலை பொன்னம்மாள் பாடும்வரை, ஒரு பெண்ணைக்கூடப் பாட விடவில்லை. சரஸ்வதி அத்தனை காலம் எப்படிப் பொறுத்தாள் என்பதைத் தனி ஆய்வாகத்தான் செய்ய வேண்டும்.

நடைமேடையில் பதிவான ஒரு சான்றும் உண்டு. “ஏங்க, வேட்டி எடுத்துக்கிட்டீங்கல்ல?” என்கிறார் மனைவி. “அதான் கட்டியிருக்கேனே!” “மறுநாளைக்கு?” பதில் இல்லை. மனைவி தொடர்கிறார்: “ஆடி வீதியில பாடுறவகளும் நல்லாத்தான் பாடுறாக. அங்க ஒரு நாளாவது எந்திரிக்காம உக்காந்திருக்கீகளா?” ஆய்வாளர் பல பக்கங்களில் நிறுவ முயன்றதை அவர் ரயில் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

இவ்வாண்டு போகவிருப்போருக்கு ஒரு வார்த்தை. ஆயுத பூஜைக்கு ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மண்டபத்தில் சட்டை வேண்டாம் என்பதற்காக வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். திரும்பி வரும் ரயிலில் குளிரும்.