நாலு தந்தி வித்வான்

யூகலேலே வித்வான் தென்சென்னை அடுக்ககங்களில் பரவலாகக் காணப்படும் ஓர் இனம். வயது முப்பதை ஒட்டி இருக்கும். தொழில் பெரும்பாலும் கணினி. சிறு வயதில் பாட்டு கிளாஸில் சேர்ந்து ஜண்டை வரிசையோடு நின்றுபோனவர். வீணை இடத்தை அடைக்கும், வயலின் கீச்சிடும், கிடார் விரலைக் கிழிக்கும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் 21 அங்குல யூகலேலேயிடம் வந்து சேர்வார்.

1879-இல் மதீராத் தீவிலிருந்து ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன போர்த்துகீசியர் கையோடு கொண்டுபோன குட்டி வாத்தியத்தின் வாரிசு இது. மயிலாப்பூருக்கு அந்த வரலாறு பொருட்டில்லை. "பொம்மை கிடாரா?" என்பதுதான் முதல் கேள்வி. யு. சீனிவாஸ் மாண்டலினைக் கச்சேரி மேடையில் ஏற்றிய கதையை வித்வான் பதிலாகச் சொல்வார். சீனிவாஸ் அதைச் சின்னப் பையனாக இருக்கும்போதே செய்தார் என்பதை வீட்டில் யாராவது நினைவூட்டுவார்கள்.

வாத்தியத்தின் நான்கு நைலான் தந்திகளும் ஜி, சி, இ, ஏ என்று சுருதி சேர்க்கப்படும். ஒரு கட்டை சுருதியில் கணக்குப் போட்டால் ப, ச, க, த. எதிர்வீட்டு மாமிக்கு இது போதும். "மோகனமா வாசிக்கிறே? ரிஷபத்தை எங்கேடா காணோம்?" என்பார். வித்வான் அதுவரை ஒரு விரலும் வைத்திருக்க மாட்டார். தந்தியைச் சும்மா தடவியிருப்பார். புது நைலான் இழுபட்டுக்கொண்டே இருக்குமாதலால் முதல் வாரம் முழுக்க வாசிப்பை விடச் சுருதி சேர்ப்பதே அதிகம். அந்த மட்டில் பெரிய வித்வான்களுக்கு இவர் குறைந்தவரல்ல.

பாடத்திட்டம் சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற நான்கு கார்டுகளில் அடங்கும். சி-க்கு மோதிர விரல் ஒன்று போதும். ஏ தந்தியில் மூன்றாம் கட்டத்தில் வைத்தால் முடிந்தது. ஏ மைனருக்கும் ஒரு விரல்தான். இந்தக் கட்டத்தில்தான் வித்வானுக்குத் தன் மேதைமை பற்றிச் சந்தேகம் அறவே நீங்கும். ஜி மூன்று விரல் கேட்கும். எஃப்-இலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை பாட்டு அடையாறு சிக்னலில் மாட்டிய 29சி பஸ் மாதிரி நிற்கும். பாடுகிறவர் கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

ஜேசன் மிராஸின் 'ஐ'ம் யுவர்ஸ்' அரைகுறையாகத் தேறியதும் தமிழுக்குத் தாவுவார். 'மின்னலே' படத்து 'வசீகரா' பெரும்பாலோர் தேர்வு. சினிமாப் பாட்டென்றால் மாமி தலையிட மாட்டார் என்ற கணக்கு இங்கே பொய்க்கும். அதைப் பாடியவர் கர்நாடகக் கச்சேரி மேடையின் பாம்பே ஜெயஸ்ரீ. மனைவியைப் பாடச் சொல்லலாமென்றால் அவருக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. வித்வானின் நான்கு கார்டுகளும் ஒரு கட்டையை விட்டு நகரா. மனைவி கீழே இறங்கிப் பாடிப் பார்ப்பார், குரல் எழும்பாது. மேலே போனால் கீச்சிடும். ஆகவே பாடும் பொறுப்பும் வித்வானுக்கே வரும்.

வீட்டில் எதிர்ப்பு வலுத்தால் சாதகம் எலியட்ஸ் கடற்கரைக்கோ நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கோ மாறும். பூங்காவில் நடைப்பயிற்சி மாமாக்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு திருத்தம் சொல்லிப் போவார்கள். கடற்கரை தேவலை, அலைச் சத்தம் ஜி-யை மூடிவிடும்.

அரங்கேற்றம் நவராத்திரியில். கொலுவுக்கு வந்தவரை ஒரு பாட்டுப் பாடச் சொல்வது ஊர் வழக்கம். வித்வான் வாத்தியத்தோடே வந்திருப்பார். எதிர்வீட்டு மாமி தொடையில் தாளம் போடுவார். ஜி வரும் இடங்களிலெல்லாம் அவர் கை உயர்ந்தபடியே நிற்கும். முதல் சரணம் முடிவதற்குள் சுண்டல் விநியோகம் தொடங்கிவிடும்.