தாத்தாவின் வட்டி

நம் வீட்டுப் பரணைத் தோண்டினால் அதிகபட்சம் மீட்காத அடகுச்சீட்டு ஒன்று கிடைக்கும். ஹைதராபாத்தின் ஏழாவது நிஜாம் மிர் உஸ்மான் அலி கானுக்கு, சௌமஹல்லா அரண்மனையில், அப்பாவின் ஷூ நுனியில் ஜேக்கப் வைரம் கிடைத்ததாம். சுமார் 185 காரட். விற்ற வியாபாரியோடு கோர்ட்டு வரை போன எரிச்சலில் அப்பா அதை அங்கே திணித்துவிட்டார் என்கிறார்கள். பிள்ளை அதைப் பேப்பர் வெயிட்டாக்கினார். ஊர் அவரைக் கஞ்சன் என்றது. வேறு பேப்பர் வெயிட் வாங்கியிருந்தால் ஊதாரி என்றிருக்கும்.

1948-இல் ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்த களேபரத்தில், நிஜாமின் நிதியமைச்சர் சுமார் 10 லட்சம் பவுண்டை லண்டனிலிருந்த பாகிஸ்தான் தூதரின் கணக்குக்கு மாற்றினார். ‘என்னைக் கேட்காமல் போன பணம், திருப்பிக் கொடுங்கள்’ என்றார் நிஜாம். வங்கி அசையவில்லை, வட்டி மட்டும் அசைந்தது. 2019-இல் லண்டன் நீதிமன்றம் பாகிஸ்தானுக்கு இல்லையென்று தீர்ப்புச் சொன்னபோது தொகை சுமார் 3.5 கோடி பவுண்டு. உடனே தாத்தா மேல் பாசம் பொங்க, பங்கு கேட்ட வாரிசுகள் நூறு பேரைத் தாண்டினார்கள். வம்சாவளி வரைய யாரும் சிரமப்படவில்லை, எல்லாம் வக்கீல்களே பார்த்துக்கொண்டார்கள்.