சாணி நிறக் கோட்பாடு: சித்தூர், திருப்பதி வட்டார மழலையரின் வண்ணக்கலவை குறித்து ஓர் ஆய்வு

உலகில் நிறங்கள் எத்தனை என்ற கேள்விக்கு, 1704-ல் வெளியிட்ட ‘ஆப்டிக்ஸ்’ நூலில் நியூட்டன் ஏழு என்றார். பள்ளிக்கூட ஓவிய வகுப்போ மூன்று இருந்தால் போதும், மற்றவை தானே வரும் என்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டோரை அருகிருந்து கவனித்ததில், இருப்பது ஒன்றே ஒன்றுதான் என இவ்வாய்வு கண்டறிந்துள்ளது. அது சாணி நிறம்.

ஆய்வுக் களம், சித்தூரில் ஒரு வீட்டுத் தாழ்வாரம். ஆய்வுக்கு உட்பட்டோர், கோடை விடுமுறைக்கு வந்திறங்கிய பேரப்பிள்ளைகள். கருவிகள்: போஸ்டர் கலர் புட்டிகள், பழைய செய்தித்தாள், இட்லித் தட்டு. குழிக்கு ஒரு நிறமாக ஊற்ற இட்லித் தட்டை விஞ்சிய பாத்திரம் கிடையாது. நெறிமுறைக் குழுவின், அதாவது பாட்டியின், ஒப்புதல் பெறப்படவில்லை.

முதல் கட்டத்தில் எல்லாம் பாடப்புத்தகப்படியே நடக்கிறது. நீலம் தோய்ந்த சுட்டுவிரல் மஞ்சள் குழிக்குள் போகிறது, பச்சை பிறக்கிறது, தெருவுக்கே கேட்கும்படி ஒரு கூச்சல் எழுகிறது. கல்வி புகட்டியாயிற்று என்று பெரியவர்கள் நம்பிக் கைபேசியில் படமெடுக்கும் தருணம் இதுதான். பிள்ளைகள் இங்கே நிறுத்துவதில்லை. “சிவப்பு மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?” என்ற சமூகநீதிக் கேள்வியோடு சிவப்பையும் பச்சைக் குழியில் கவிழ்க்கிறார்கள். அதன்பின் எல்லாக் குழிகளிலும் ஒரே பதார்த்தம்.

காரணம் எளிது. ஒவ்வொரு சாயமும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தையே திருப்பி அனுப்புகிறது. விழுங்குகிறவர்கள் கூடக்கூட மிச்சம் குறைகிறது. இறுதியில் இருண்டு மண்டிய பழுப்பே எஞ்சுகிறது. ஒளிக்கற்றைகளைச் சேர்த்தால் வெண்மை வரும் என்று காட்டிய நியூட்டனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. எனவே தாழ்வாரத்துத் தரவுகள் அவர் கவனத்துக்கு வரவில்லை.

இக்கோட்பாட்டின் இரண்டாம் விதி: கலந்தது கலந்ததுதான். 1911-ல் வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் சில தாலுகாக்களை எடுத்துக் கலந்து சித்தூர் மாவட்டம் செய்தார்கள். 1960-ல் திருத்தணி மதராஸ் மாநிலத்துக்குப் போயிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்தைப் பிரிக்க ஓர் அரசாணை போதும். இட்லிக் குழியில் இருக்கும் பச்சையிலிருந்து மஞ்சளைப் பிரித்தெடுக்க எந்த அரசாங்கத்தாலும் ஆகாது.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பையும் கேட்பது ஆய்வு தர்மம். திருப்பதிக்குக் கிழக்கே, ஸ்ரீகாளஹஸ்தியில், 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் மீண்டெழுந்த கலம்காரித் துணி ஓவியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பச்சையைக் கிண்ணத்தில் கலப்பதே இல்லை. துணியில் மஞ்சள் பூசிக் காயவைத்து, அதன்மேல் நீலம் தீட்டுகிறார்கள். பச்சை துணியிலேயே விளைகிறது. கறுப்பு இன்னும் விசித்திரம். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் நீருக்குக் கசிமி என்று பெயர். கம்பளி சுற்றிய மூங்கில் எழுதுகோலை அதில் தோய்த்து, கடுக்காயும் பாலும் ஊறிய துணியில் கோடிழுத்தால், மங்கலாக விழும் கோடு கண்ணெதிரே கறுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாமல் பிடித்துக்கொள்ளும். மழலையர் இம்மரபைப் பின்பற்றாததற்கு, ‘காயும் வரை பொறு’ என்ற ஒரே ஒரு படிநிலைதான் தடை. என்னைக் கேட்டால், சொல்லிக்கொடுக்க வேண்டியதும் அந்த ஒன்றைத்தான். மற்றதையெல்லாம் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்டுபிடித்தும் விட்டார்கள். திருமலையில் தாலி கட்டிக்கொண்டு திரும்பும் ஜோடிக்காக அத்தை ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் மஞ்சள் நீர். அதில் வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு துளி சுண்ணாம்பு. விரலால் ஒரு சுழற்று. ரத்தச் சிவப்பு. மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் வெளிர்மஞ்சள் என்று ஓவிய வகுப்பில் படித்திருந்த மூத்த ஆய்வாளருக்கு (வயது ஐந்து) தூக்கிவாரிப்போட்டது.

“அத்தை, இது ராங்கு.”

“போடி, வேலையப் பாரு.”

அவள் வேலையைப் பார்த்தாள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தைக் கண்டால் சிவக்கும், புளிப்பைக் கண்டால் பழைய நிறத்துக்கே திரும்பும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. கையெட்டும் தூரத்தில் திருஷ்டிக்கு அறுத்த எலுமிச்சை இருந்தது, அவ்வளவே. பிழிந்ததும் தட்டு முழுக்கப் பளிச்சென்று மஞ்சள். இரண்டாம் விதி அந்த இடத்திலேயே காலாவதியாயிற்று.

வாசலில் ஜோடி வந்து நின்றுவிட்டது. அத்தை மறுபடி சுண்ணாம்பு தேட உள்ளே ஓடினாள். மே மாத மத்தியான வெயிலில், பட்டு வேட்டியோடு, ஆரத்தி வரும்வரை படி ஏறக்கூடாது என்று நிறுத்திவைக்கப்பட்ட மாப்பிள்ளை வண்ணக்கலவை குறித்துத் தெலுங்கில் தெரிவித்த கருத்தை ஆய்வுக் குழு பதிவுசெய்துள்ளது. அச்சில் ஏற்றும் தரத்தில் அது இல்லை.